துரூவில் கடற்கரையில் குடும்பத்தோடு மூன்று நாள்: எதை முதலில் செய்வது, காசு எங்கே கரையும்

பிரான்சுக்கு வந்து நாலாவது வருடம்தான் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை வேலை, லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு, வதிவிட அட்டைக்கான ப்ரெபெக்சூர் அலுவலக வரிசை என்றே காலம் போய்விட்டது. முதல் பயணம் எத்ரதாவுக்கு. வெள்ளைப் பாறைப் படங்களைப் பார்த்து மயங்கிப் போனோம். போய் இறங்கினால் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். தள்ளுவண்டி ஒரு அடி நகரவில்லை, சின்னவள் வெறுங்காலோடு நிற்க முடியாமல் அழ, பின்னேரமே திரும்பிவிட்டோம். இரண்டாவது முறை வீடு எடுத்துப் போய்ச் சாவி கிடைக்காமல் வாசலில் நின்றோம் (அந்தக் கதை கீழே). மூன்றாவது முறைதான் நோர்மண்டிக் கரையில் இருக்கிற துரூவிலில் சரிவந்தது.

பாரிஸிலோ அதைச் சுற்றியோ இருக்கிற, இரண்டு மூன்று பிள்ளைகளோடு இரண்டு இரவு மட்டும் போய்வர நினைக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தெற்கே நீஸ், கான் போகிறவர்களுக்கு இது உதவாது.

1. ஊருக்கு முன் தேதியைப் பிடியுங்கள்

நாங்கள் எல்லோரும் ஊரைத்தான் முதலில் தேடுகிறோம். அது தவறு. பிரெஞ்சுக் கடற்கரையில் விலையைத் தீர்மானிப்பது தேதிதான்.

பள்ளி விடுமுறை ஏ, பி, சி என்று மூன்று வலயமாகப் பிரிந்திருக்கிறது. பாரிஸ், கிரெத்தேய், வெர்சாய் கல்வி வட்டாரங்கள் சி வலயம். நோர்மண்டி பி வலயம். பெப்ரவரி, ஏப்ரல் விடுமுறைகள் வலயத்துக்கு வலயம் மாறும். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் எல்லோருக்கும் ஒன்று, அதனால் முழு நாடும் ஒரே நேரத்தில் கடலுக்கு ஓடும். மே மாதத்தில் 1, 8 ஆகிய இரண்டு தேதிகளோடு பெரும்பாலும் அசென்சியோன் வியாழன், பெந்தகோஸ்து திங்கள் என்ற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறைகளும் சேர்ந்துகொள்ளும். வியாழன் விடுமுறை என்றால் வெள்ளியையும் சேர்த்துப் ‘போன்’ (பாலம் போட்ட நீண்ட விடுமுறை) எடுத்துவிடுவார்கள், அறை விலை ஏறிவிடும்.

இன்னொரு பொறி: ஜூலை, ஆகஸ்டில் தனியார் வீடுகள் பெரும்பாலும் சனியிலிருந்து சனி வரைதான் கொடுப்பார்கள். இரண்டு இரவு கேட்டால் இல்லை என்பார்கள், அல்லது ஹோட்டல்தான் கதி. எனவே குறுகிய பயணத்துக்கு ஜூன் மாத வார இறுதிகளும் செப்டம்பர் நடுப்பகுதியும்தான் தோதானவை. செப்டம்பர் தொடக்கத்தில் துரூவிலுக்குப் பக்கத்து ஊரான தோவிலில் அமெரிக்கத் திரைப்பட விழா நடக்கும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்டில் அங்கே குதிரைப் பந்தயம் நடக்கும், குதிரை ஏலமும் உண்டு. அந்த நேரம் அங்கே திரிகிற ஆட்களின் செருப்பு விலைக்கே எங்கள் பயணச் செலவு முடிந்துவிடும்.

2. மணலா, கல்லா?

பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் இந்தக் கேள்விதான் முக்கியம். எத்ரதா, ஃபேகாம், தியேப், ல த்ரேபோர் எல்லாம் கூழாங்கல் கடற்கரைகள். பார்க்க வடிவு, குளிக்கக் கஷ்டம். எத்ரதாவில் கல்லைப் பையில் போட்டு எடுத்துவரக்கூடத் தடை இருக்கிறது. எங்கள் மகன் இரண்டு பாக்கெட்டையும் நிரப்பிக்கொண்டு வந்து, அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான்.

துரூவில், தோவில், வில்லேர், உல்கத், கபூர் எல்லாம் மணல். பாரிஸ் சான் லசார் நிலையத்திலிருந்து துரூவில்-தோவில் நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே பிடிக்கும். நிலையம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் திரும்பினால் தோவில், பாலத்தைத் தாண்டினால் துரூவில். தோவில் பணக்காரர் ஊர். துரூவிலில் மீன் சந்தை, பேக்கரி, சாதாரணக் கடைகள் எல்லாம் நடை தூரம், கடற்கரையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு இடமும் இருக்கிறது. தங்குவது துரூவிலில், பலகை நடைபாதையையும் கலர்க் குடைகளையும் பார்க்கத் தோவிலுக்கு ஒரு பின்னேரம், அவ்வளவு போதும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றைக் கடக்க ஒரு சின்னப் படகு ஓடும், பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

சென் மாலோவும் அருமையான இடம்தான். ஆனால் பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து தேஜேவே என்ற அதிவேக ரயில் எடுக்க வேண்டும், பயணச் செலவு கூடும். இரண்டு இரவுக்கு அவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

3. உங்களுக்கு வரவேண்டிய காசை முதலில் கேளுங்கள்

இதைத் தெரியாமல் முதல் இரண்டு முறையும் முழுக் காசும் கட்டினேன்.

முதலாவது காஃப், அதாவது குடும்ப உதவிப் பணம் கொடுக்கிற அரச அலுவலகம். பிள்ளைகளுக்குக் காஃப் உதவி எடுக்கிறீர்கள் என்றால் உங்கள் கணக்கில் ‘கோசியான் ஃபமிலியால்’ என்று, வருமானத்தையும் குடும்ப அளவையும் வைத்துப் போட்ட ஒரு எண் இருக்கும். அது குறைவாக இருந்தால் விடுமுறை உதவிக்குத் தகுதி கிடைக்கலாம். வக்காஃப் என்ற முறையில் பதிவு பெற்ற கூடார (கேம்பிங்) இடங்களிலும் விடுமுறைக் கிராமங்களிலும் அந்தத் தொகையை நேரே கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் உங்களிடம் வாங்குவார்கள். ஒவ்வொரு மாவட்டக் காஃப்புக்கும் விதி வேறு. சில இடங்களில் பள்ளி விடுமுறையில் மட்டும், சில இடங்களில் குறைந்தபட்சம் இத்தனை இரவு என்றிருக்கும், எனவே இரண்டு இரவுக்குப் பொருந்துமா என்று முதலே கேளுங்கள். இடம் கெதியாக முடியும், வருடத் தொடக்கத்திலேயே கணக்கைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது செக் வக்கான்ஸ், அதாவது விடுமுறைச் செலவுக்கான கூப்பன். வேலையிடத்தில் தொழிலாளர் குழு இருந்தால் அவர்கள் இதைக் கொடுக்கலாம். ரயில் டிக்கெட், தங்குமிடம், பல உணவகங்கள் என்று எல்லாவற்றுக்கும் செல்லும். வெளியிட்ட வருடம் கழிந்து இன்னும் இரண்டு வருடம் செல்லுபடியாகும். எங்கள் சமையலறை ஆட்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை, கேட்டால் முதலாளி என்ன நினைப்பாரோ என்று கூச்சம்.

மூன்றாவது, மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் கார்த் ஃபமி நோம்ப்ரஸ் என்ற பெரிய குடும்பத்துக்கான கழிவு அட்டை. 18 வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகள் என்றால் ரயிலில் 30 சதவீதம், நான்கு என்றால் 40, ஐந்து என்றால் 50. பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை, வதிவிட அட்டை போதும். குடும்பப் புத்தகமோ பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோ கேட்பார்கள். இலங்கையில் பிறந்த பிள்ளைக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த பிரதி வேண்டும், ஓஃப்ராவில் (அகதி அலுவலகம்) எடுத்த சான்றிதழ் இருந்தால் அதுவே போதும். அட்டை கைக்கு வர நாளெடுக்கும், பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே போடுங்கள்.

49 யூரோ கார்த் அவான்தாஜ் என்ற ரயில் கழிவு அட்டையை அவசரப்பட்டு வாங்காதீர்கள். தேஜேவேயில் அது நன்றாக உதவும். ஆனால் நோர்மண்டி ரயில்கள் மாநிலத்தின் பொறுப்பில் ஓடுபவை, கழிவு விதிகளும் அவர்களுடையவை. உங்கள் தேதியைப் போட்டு, அட்டையோடு ஒருமுறை, அட்டையில்லாமல் ஒருமுறை விலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

4. வீடு எடுக்கும்போது சிறிய எழுத்தை வாசியுங்கள்

நாங்கள் சமைத்துச் சாப்பிடுகிற ஆட்கள், எனவே ஹோட்டலை விடக் குசினி உள்ள சின்ன வீடு நல்லது. விளம்பரத்தில் வருகிற சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘ஸ்டூடியோ, 4 பேர் படுக்கலாம்’ என்றால் ஒரே அறை, கட்டிலாக விரிக்கிற ஒரு கிளிக்-கிளாக் சோபா, வாசல் பக்கம் ‘கபின்’ என்று ஜன்னல் இல்லாத மூலையில் இரண்டடுக்குக் கட்டில். ‘தே-து’ என்றால் ஒரு படுக்கையறையும் ஒரு ஹாலும். ‘கடற்காட்சி’ என்பது வேறு, ‘கடலுக்கு அருகில்’ என்பது வேறு. துரூவில் மேட்டில் ஏறுகிற ஊர், அருகில் என்று போட்ட வீடு நூறு படி மேலே இருக்கலாம். தள்ளுவண்டி இருந்தால் லிப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

பட்டியலில் தெரிகிற விலையோடு கூட வருபவை:

- மெனாஜ், அதாவது துப்புரவுக் கட்டணம். எங்களுக்கு 45 யூரோ.
- திரா, அதாவது விரிப்பும் துவாயும். ‘தரப்படவில்லை’ என்று போட்டிருந்தால் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், வாடகைக்கு எடுத்தால் ஆளுக்கொரு தொகை கேட்பார்கள்.
- தக்ஸ் து செஜூர், அதாவது தங்கும் வரி. ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு என்று கணக்கு. 18 வயதுக்குக் கீழே கிடையாது. பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தால் சொல்லித் திருத்துங்கள்.
- கோசியோன், திரும்பத் தருகிற பொறுப்புப் பணம்.

இந்தக் கடைசி விசயத்தில்தான் நாங்கள் மாட்டினோம். இரண்டாவது பயணத்தில் சாவி வாங்கப் போன இடத்தில் 300 யூரோவுக்குக் கார்டில் பிடித்து வைக்க வேண்டும் என்றார்கள். என்னுடைய கார்ட் ஒவ்வொரு முறையும் கணக்கில் காசு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலை செய்கிற வகை, புதிதாக வந்தவர்கள் பலரிடம் இருப்பது அதுதான். அவர்களுடைய மிசின் அதை ஏற்கவில்லை. செக் புத்தகமும் இல்லை. கையில் காசாகத் தருகிறேன் என்றேன், அதுவும் முடியாதாம். மூன்று பிள்ளைகளும் படிக்கட்டில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருக்க, கதவு மூடக் கால் மணி நேரம் இருக்கும்போது, மனைவிக்கு வேலைக்காக எடுத்த வங்கிக் கார்ட் பையின் அடியில் கிடந்தது ஞாபகம் வந்தது. அதுதான் காப்பாற்றியது. எனவே பதிவு செய்யும் முன்பே கேளுங்கள்: கோசியோன் எவ்வளவு, செக்கா கார்டா, என்ன வகைக் கார்ட், சாவி கொடுப்பது எத்தனை மணி வரை. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னும் ஒன்று. இணையத்தில் வாங்கிய சாமானை 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற சட்டம், தேதி குறித்த தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் கிடையாது. அதனால் ரத்துச் செய்யலாம் என்று போட்ட விலையையே எடுங்கள், பத்துப் பதினைந்து யூரோ கூடினாலும் பரவாயில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் நாள் பார்த்து வராது.

முற்பணத்தை வங்கி மாற்றல் மூலம் முன்பின் தெரியாத ஒரு தனி ஆளுக்கு அனுப்பச் சொன்னால் விட்டுவிடுங்கள். மலிவான வீடு, நல்ல படங்கள், அவசரப்படுத்துகிற ஆள், இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் மோசடிதான்.

5. ரயிலா, காரா

ரயில் என்றால் தேதி முடிவானதும் வாங்குங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஞாயிறு பின்னேரம் திரும்புகிற ரயில் நிரம்பி வழியும். முடிந்தால் மத்தியானமே திரும்புங்கள், அல்லது வெள்ளி காலை போய் ஞாயிறு காலை வாருங்கள். பாரிஸ் பகுதிப் பயணத்துக்கான நவிகோ அட்டை இந்தப் பாதைக்குச் செல்லாது, யாரோ சொன்னார்கள் என்று ஏறிவிடாதீர்கள். சான் லசாரில் கதவைத் திறக்க டிக்கெட்டை ஸ்கேன் பண்ண வேண்டும். ஐந்து பேரின் டிக்கெட்டும் ஒரே போனில் இருந்து சார்ஜ் இல்லாமல் போனால் பெரிய கரைச்சல், எனவே இரண்டு போனில் வையுங்கள்.

கார் என்றால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆ-13 வீதியில் இப்போது காசு கட்டும் தடுப்பு இல்லை. மேலே இருக்கிற கமரா வண்டி எண்ணைப் படம் எடுக்கும், நீங்கள் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கட்ட வேண்டும். நிற்கச் சொல்ல ஆள் இல்லாததால் இலவசம் என்று நினைத்துத்தான் பலருக்கு வீட்டுக்கு அபராதக் கடிதம் வருகிறது. கார் நண்பருடையது என்றால் கடிதம் அவருக்குப் போகும், அது இன்னும் கேவலம். போகும்போதும் வரும்போதும் கட்ட வேண்டும், போனில் நினைவூட்டல் வையுங்கள். காசு கட்டச் சொல்லி எஸ்எம்எஸ்ஸில் வருகிற லிங்கைத் தொடாதீர்கள், அந்தப் பெயரில் ஏமாற்றுகிறவர்கள் நிறைய. துரூவிலில் கார் நிறுத்தவும் காசு. நான் இப்போது ரயில் பக்கம்தான்.

6. பைக்குள் போட வேண்டிய பத்திரங்கள்

பெரியவர்களின் வதிவிட அட்டை அல்லது ரெசெபிசே (தற்காலிக வதிவிடப் பத்திரம்), அசல். பிள்ளைகளின் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ, இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. ரயிலில் கழிவு அட்டை காட்டிப் பயணம் செய்தால் அந்த அட்டை. கார்த் வித்தால் (மருத்துவக் காப்பு அட்டை), மேலதிகக் காப்புக்கான மியூச்சுவல் அட்டை. வீட்டு இன்சூரன்ஸில் உள்ள பொறுப்புக் காப்புச் சான்று, சில வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு ஒரு படிவம் நீட்டுவார்கள், தலைப்பில் ‘போலீஸ்’ என்று இருக்கும். பார்த்ததும் பயந்துவிடாதீர்கள், நானும் முதல் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சட்டப்படி எல்லா வெளிநாட்டு விருந்தினரிடமும் வாங்குவதுதான் அது. பெயர், பிறந்த தேதி, முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெற்றோரின் படிவத்திலேயே சேர்க்கலாம். ஊரிலிருந்து வந்த அம்மா, மாமி ஷெங்கன் விசாவில் கூட வந்தால் அவர்களின் பாஸ்போர்ட் கட்டாயம்.

7. கடலில் இறங்கும் முன்

இது எங்கள் ஊர்க் கடல் இல்லை. காலையில் வாசலில் நிற்கிற தண்ணீர் மத்தியானம் சில நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் திரும்பிவிடும். சுற்றுலா அலுவலகத்தில் வற்று, ஏற்ற நேரம் போட்ட அட்டவணை இலவசமாகக் கிடைக்கும். அதில் ‘கோஎஃபிசியான்’ என்று 20 முதல் 120 வரை ஒரு எண் இருக்கும். எண் பெரிதானால் கடல் அதிக தூரம் போகும், வேகமாகத் திரும்பும். பையையும் செருப்பையும் ஈர மணலில் வைத்துவிட்டு நடக்காதீர்கள்.

கொடிகள்: பச்சை குளிக்கலாம், மஞ்சள் கவனம், சிவப்பு இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் பாதுகாவலர் பார்க்கும் பகுதி. அவர்கள் முழுநேரமாக இருப்பது ஜூலை, ஆகஸ்டில்தான், ஜூனில் போனால் எந்த நாள், எத்தனை மணி என்று கேளுங்கள். பல கடற்கரைகளில் முதலுதவி நிலையத்தில் பிள்ளையின் கையில் கட்ட, போன் எண் எழுதுகிற பட்டி தருவார்கள். கடலில் ஆபத்து என்றால் 196, மற்றவற்றுக்கு 112.

ஆகஸ்டிலும் தண்ணீர் 18, 19 பாகைதான். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உதடு நீலமாக வந்து நிற்பார்கள். அதற்குத்தான் இரண்டு ஊரிலும் நீச்சல் குளம் இருக்கிறது, தோவிலில் கடல் நீரையே சூடாக்கி விடுகிறார்கள். ஆனால் பிரெஞ்சுக் குளங்களில் ஆண்களுக்கு அரைக் காற்சட்டை கூடாது, ஒட்டிய நீச்சல் உடைதான். தலைக்குத் தொப்பியும் கேட்பார்கள். நான் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, அங்கேயிருந்த மிசினில் மூன்று மடங்கு விலைக்கு ஒரு உடை வாங்கினேன். நிறம் பற்றிக் கேட்காதீர்கள்.

வற்றிய நேரத்தில் மட்டி, சிப்பி பொறுக்க ஆசை வரும். அளவுக்கும் தொகைக்கும் கட்டுப்பாடு உண்டு, சில இடங்களில் அசுத்தம் காரணமாக முழுத் தடை. பலகையை வாசிக்காமல் குனியாதீர்கள்.

8. சாப்பாடு

அரிசி, தூள், சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோங்கள். துரூவில் மீன் சந்தை ஆற்றங்கரையில்தான். கானாங்கெளுத்தி வாங்கினால் குடலை எடுத்துத் தரச் சொல்லுங்கள், ‘விதே’ என்றால் போதும், செய்து தருவார்கள். அந்தக் கழிவை வாடகை வீட்டுக் குப்பையில் போட்டு இரண்டு நாள் நாற வைக்காமல் இருப்பதற்கே இது. புதனும் ஞாயிறும் காலையில் காய்கறிச் சந்தையும் கூடும். பொரிப்பதைத் தவிர்த்துக் குழம்பு வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உணவகம் போனால் மத்தியானம் 12 முதல் 2 வரை, இரவு 7 மணிக்குப் பிறகு. மூன்று மணிக்குப் பசியோடு போனால் குசினி மூடியிருக்கும். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், வெறும் தண்ணீர் என்றால் போத்தலைத் திறந்து வைத்துக் காசு போடுவார்கள்.

லாச்சப்பலில் வாங்கிய மட்டன் ரோல்ஸை மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகன் கடிக்கக் கையைத் தூக்கினான், பின்னால் இருந்து ஒரு கடற்காகம் காதோரம் உரசிக்கொண்டு வந்து முழு ரோலையும் பறித்துப் போய்விட்டது. காரம் தெரிந்ததோ என்னவோ, கொஞ்சத் தூரம் போய்ப் போட்டுவிட்டு, மறுபடி வந்து எடுத்தது. சுவரையோ குடையையோ முதுகுக்கு வைத்துச் சாப்பிடுங்கள்.

9. கிளம்பும் நாள்

எங்கள் ஜூன் பயணக் கணக்கு, ஐந்து பேருக்கு: வீடு இரண்டு இரவு 236, துப்புரவு 45, தக்ஸ் 6, ரயில் சுமார் 190, சாப்பாடு, ஐஸ்கிரீம் எல்லாம் 120. மொத்தம் 597 யூரோ. துப்புரவை நாங்களே செய்கிறோம் என்று முதலே பேசியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

பெரும்பாலும் 10 மணிக்கு வீட்டை விட வேண்டும். ரயில் மத்தியானம் என்றால் பெட்டிகளை எங்கே வைப்பது என்று முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். உள்ளே போனதும் ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை எல்லா மூலையையும் போனில் படம் எடுங்கள், முன்பே இருக்கிற கறையை அன்றே எழுதி அனுப்புங்கள். வீட்டைச் சரிபார்க்க வந்த வீட்டுக்கார அம்மா கிளிக்-கிளாக்கை விரித்துப் பார்த்தா. உள்ளே ஒரு வாளி அளவு மணல். சின்னவள் இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். அவ சிரித்துக்கொண்டே தூசி உறிஞ்சும் மிசினை நீட்டினா, கோசியோனில் கை வைக்கவில்லை.